சின்னக் கலர் திரை, கொஞ்சம் ரேம்: டிரைவர் எழுதும்போது வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

கடையில் 1.8 அங்குலம் என்று கேட்டால் கிடைக்கும் கலர் திரையில் 128×160 பிக்சல் இருக்கும், உள்ளே எஸ்டி7735 சிப். இதற்கு ராஸ்பெர்ரி பை பிகோ, ஆர்டுயினோ யூனோ என்ற இரண்டு மைக்ரோகண்ட்ரோலர் போர்டுகளிலும் நானே டிரைவர் (திரையை இயக்கும் நிரல்) எழுதினேன். அப்புறம் நண்பர்கள் எழுதியவற்றையும் சரிபார்த்துக் கொடுத்துவருகிறேன். திரும்பத் திரும்ப வருவது அதே ஏழெட்டுக் கோளாறுதான். அடுத்த முறை யாராவது கேட்டால் நீட்டுவதற்காக எழுதி வைக்கிறேன். எஸ்டி7789, ஐஎல்ஐ9341 திரைகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

கணக்கு இவ்வளவுதான். 20,480 பிக்சல், ஒன்றுக்கு இரண்டு பைட், ஆக முழு பிரேம் பஃபருக்கு (திரைப் படத்தை ரேமில் வைத்திருக்கும் இடம்) 40,960 பைட். பிக்சலுக்கு 4 பிட் மட்டும் வைத்து 16 நிறத்தோடு திருப்திப்பட்டால் 10,240 பைட் போதும். திரைக்கு அனுப்பும் நேரத்தில் ஒவ்வொரு வரியாக எடுத்து, 16 நிற அட்டவணையைப் (32 பைட்) பார்த்து, 256 பைட் வரி பஃபரில் விரித்து அனுப்ப வேண்டும். கீழே ‘பஃபர்’ என்று சொல்வதெல்லாம் இந்த ஏற்பாட்டைத்தான்.

எதற்கும் முன்னால்: ஒரு வரிச் சோதனை

பிரேம் பஃபரைத் தொடாத ஒரு சின்ன நிரலை வைத்துக்கொள்ளுங்கள். 256 பைட் வரி ஒன்றை ஒரே நிறத்தால் நிரப்பி, அதையே 160 முறை அனுப்ப வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று முறை. அதன்பின் திரையின் நான்கு ஓரத்திலும் ஒரு பிக்சல் அகலத்தில் வெள்ளைச் சட்டம், உள்ளே கறுப்பு.

இது சரியாக வந்தால் வயர், சிப், தொடக்கக் கட்டளைகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன, கோளாறு உங்கள் பஃபரில். சரியாக வராவிட்டால் பஃபர் நிரலைத் திறக்கவே வேண்டாம். இதைச் செய்யாமல் நான் இரண்டு மாலைகளை வீணாக்கி, இன்னொரு திரையும் வாங்கினேன். பழைய திரை இன்றும் வேலை செய்கிறது.

அறிகுறி: திரை முழுக்கக் கறுப்பு

அறையை இருட்டாக்கி, டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேக்லைட் மட்டும் எரியவில்லை. பேக்லைட் பின்னை (எல்இடி அல்லது பிஎல்கே என்று அச்சிட்டிருக்கும்) 3.3 வோல்ட்டில் கொடுங்கள். அதை மைக்ரோகண்ட்ரோலர் பின்னில் இணைத்திருந்தால், நிரல் அந்தப் பின்னை உயர்த்துகிறதா என்று பாருங்கள்.

டார்ச் அடித்தும் ஒன்றும் தெரியவில்லை, பேக்லைட்டும் இல்லை என்றால் மல்டிமீட்டரை எடுத்து விசிசி (மின்சாரம் வரும் பின்), ஜிஎன்டி (தரைப் பின்) இடையே வோல்டேஜை அளக்க வேண்டும். பிரெட்போர்டின் பக்கவாட்டு மின்கோடு நடுவில் வெட்டுப்பட்டிருக்கும் வகையும் உண்டு. அதில் ஏமாந்தவர் பலர்.

அறிகுறி: திரை முழுக்க வெள்ளை

பேக்லைட் எரிகிறது, ஆனால் சிப்புக்கு எதுவும் புரியவில்லை என்று பொருள். இந்த வரிசையில் போங்கள்.

முதலில் டிசி பின் (போவது கட்டளையா டேட்டாவா என்று சொல்வது), ரீசெட் பின், சிஎஸ் பின் (இந்தச் சிப்போடுதான் பேசுகிறோம் என்று சொல்வது) மூன்றும் நிரலில் சொன்ன இடத்தில்தான் இருக்கின்றனவா? நான் பார்த்தவற்றில் பாதி இங்கேயே முடிந்துவிடும். டேட்டா வயர் திரையில் எஸ்டிஏ என்றும் கடிகார வயர் எஸ்சிஎல் என்றும் அச்சிட்டிருப்பதால் ஐ2சி இணைப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். அது எஸ்பிஐ என்ற வேறு வகை இணைப்புதான்.

அடுத்தது காத்திருப்பு. ரீசெட் கொடுத்தபின் 120 மில்லிவிநாடி, ‘ஸ்லீப் அவுட்’ கட்டளைக்கு (ஹெக்ஸ் 11; ஹெக்ஸ் என்றால் 16 அடிமான எண்) பின் இன்னொரு 120 மில்லிவிநாடி. நிரலைச் சுருக்குகிறோம் என்று இந்தக் காத்திருப்பைக் குறைத்தால், சில சமயம் வரும், சில சமயம் வராது. கடைசியில் ‘டிஸ்ப்ளே ஆன்’ (ஹெக்ஸ் 29) அனுப்பினீர்களா என்றும் பாருங்கள். அது இல்லாமல் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் ஒன்றும் தெரியாது.

சிஎஸ் பின்னே இல்லாத 240×240 எஸ்டி7789 திரையா? அப்படியானால் எஸ்பிஐ மோட் 0 விட்டு மோட் 3க்கு மாற்றுங்கள். ஒரே வரி மாற்றம்தான், ஆனால் தெரியாதவர் நாள் கணக்கில் உட்காரும் இடம் இது.

யூனோவில் என்றால் வோல்டேஜ். யூனோவின் பின்கள் 5 வோல்ட் தருகின்றன, திரைச் சிப் 3.3 வோல்ட் பார்ட்டி. போர்டில் ரெகுலேட்டர் இருந்து விசிசி 5 வோல்ட் தாங்கினாலும், டேட்டா வயர்களுக்கு லெவல் ஷிஃப்டர் தேவை. குறைந்தபட்சம் ரெசிஸ்டர் ஜோடியாவது வேண்டும்.

இதையெல்லாம் பார்த்தும் வெள்ளையாகவே இருந்தால் எஸ்பிஐ வேகத்தை 1 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கிவிட்டு, 8 சேனல் லாஜிக் அனலைசரை (வயரில் போகும் பைட்டுகளைக் காட்டும் கருவி) மாட்டுங்கள். ஹெக்ஸ் 11 போகும்போது டிசி கீழே இருக்க வேண்டும். சரியான பைட்டுகள் சரியான நேரத்தில் போயும் திரை அசையவில்லையா? அதோடு நிறுத்துங்கள், திரை போய்விட்டது.

அறிகுறி: படம் வருகிறது, நிறம் தப்பு

இது அதிகம் பயமுறுத்தும், ஆனால் சரிசெய்ய மிகவும் எளிது. காசு செலவே கிடையாது. வரிச் சோதனையில் கேட்ட நிறத்தையும் வந்த நிறத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எது எதுவாக மாறியது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

*சிவப்பும் நீலமும் இடம் மாறியிருக்கின்றன, பச்சை சரி.* ‘மேட்சிடிஎல்’ கட்டளையில் (ஹெக்ஸ் 36) நிற வரிசையைக் குறிக்கும் பிட்டின் மதிப்பு 8. அது இருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் போடுங்கள்.

*சிவப்பு கேட்டால் நீலம், பச்சை கேட்டால் சிவப்பு, நீலம் கேட்டால் பச்சை.* மூன்றும் சுற்றி வந்திருக்கின்றன, வெள்ளையும் கறுப்பும் மட்டும் சரி. இரண்டு பைட்டுகள் முன்பின்னாகப் போகின்றன. திரை பெரிய பைட்டை முதலில் எதிர்பார்க்கிறது, பிகோ போன்றவை சின்ன பைட்டை முதலில் நினைவகத்தில் வைக்கின்றன. முழு 16 பிட் பஃபர் என்றால் 20,480 பிக்சலையும் புரட்ட வேண்டும். 4 பிட் பஃபரில் இதற்கு வேலையே இல்லை, அட்டவணையின் 16 நிறங்களைப் புரட்டி வைத்துவிட்டால் போதும். எனக்கு 4 பிட் ஏற்பாடு பிடித்துப்போனதே இதனால்தான்.

*வெள்ளை கறுப்பாக, கறுப்பு வெள்ளையாக.* போட்டோ நெகட்டிவ் மாதிரி. ஹெக்ஸ் 21 அனுப்பினால் நிறம் தலைகீழாகும், ஹெக்ஸ் 20 அனுப்பினால் பழைய நிலை. ஐபிஎஸ் வகைத் திரைகள் பெரும்பாலும் 21 கேட்கும்.

*ஒரே நிறம் கேட்டால் வரிவரியாகப் பல நிறம், அதுவும் திரையின் மூன்றில் இரண்டு பங்குதான் நிரம்புகிறது.* பிக்சல் வடிவக் கட்டளை (ஹெக்ஸ் 3ஏ) விடுபட்டிருக்கிறது. ரீசெட் ஆனதும் எஸ்டி7735 பிக்சலுக்கு மூன்று பைட் எதிர்பார்க்கும் நிலையில் இருக்கும். நீங்கள் அனுப்பும் 40,960 பைட்டை மூன்றால் வகுத்தால் 160 வரியில் 106 வரிதான் வரும். மதிப்பாக ஹெக்ஸ் 05 அனுப்புங்கள், எஸ்டி7789, ஐஎல்ஐ9341 என்றால் 55.

அறிகுறி: ஓரத்தில் பூச்சி பறக்கிறது, படம் தள்ளி நிற்கிறது

வெள்ளைச் சட்டத்தின் ஒரு பக்கம் காணாமல் போய், எதிர்ப்பக்கத்தில் இரண்டு பிக்சல் அளவுக்குக் குப்பை தெரிகிறதா? சிப்பின் உள் நினைவகம் 132×162, கண்ணாடியில் இருப்பது 128×160. சில திரைகளில் நெடுவரிசைக்கு 2, கிடைவரிசைக்கு 1 கூட்ட வேண்டும். சிலவற்றில் கூட்டக் கூடாது. பாதுகாப்பு ஃபிலிமின் காது பச்சையா சிவப்பா என்று பார்த்துச் சொல்லலாம் என்பார்கள். நான் அதை நம்புவதில்லை, சட்டம் வரைந்து பார்ப்பதே நிச்சயம்.

240×240 எஸ்டி7789 திரையைத் திருப்பி வைத்ததும் படம் 80 பிக்சல் தள்ளிப் போனால் அதே கதைதான். உள் நினைவகம் 240×320, மீதி 80 வரி எந்தப் பக்கம் ஒளிகிறது என்பது திருப்பத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் தனி ஆஃப்செட் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: படம் மாடிப்படி போலச் சாய்கிறது

ஒரே நிறத்தில் நிரப்பும்போது இது தெரியாது, சட்டம் வரையும்போதுதான் காட்டிக்கொடுக்கும். செங்குத்துக் கோடு ஒவ்வொரு வரிக்கும் ஒரு பிக்சல் நகர்ந்து கீழே போகும்.

நூற்றுக்குத் தொண்ணூறு, ஜன்னல் (திரையில் எழுதப்போகும் பகுதி) எல்லையில் ஒன்று கூடியிருக்கும். கடைசி நெடுவரிசையாக 128 என்று சொன்னால் 129 நெடுவரிசை ஆகிவிடும். 0 முதல் 127 வரை என்றுதான் சொல்ல வேண்டும்.

சட்டம் நேராக வந்து, பஃபரிலிருந்து வரும் படம் மட்டும் சாய்ந்தால் அகலம் ஒற்றைப்படையா என்று பாருங்கள். 4 பிட்டில் ஒரு பைட்டுக்கு இரண்டு பிக்சல். 81 அகலப் படத்துக்கு வரிக்கு 41 பைட் வேண்டும். 81ஐ இரண்டால் வகுத்து 40 என்று வைத்திருந்தால் சாயத்தான் செய்யும்.

சாயவில்லை, ஆனால் எழுத்துகளின் ஓரம் சீப்புப் பல்லாகத் தெரிகிறதா? பைட்டுக்குள் இரண்டு பிக்சலும் இடம் மாறிப் போகின்றன. மைக்ரோபைத்தானின் (போர்டில் ஓடும் பைத்தான் மொழி) 4 பிட் வடிவத்தில் பைட்டின் மேல் பாதி இடது பிக்சல், கீழ்ப் பாதி வலது பிக்சல்.

அறிகுறி: ‘மெமரி எரர்’ வந்து நிரல் நின்றுவிடுகிறது

மைக்ரோபைத்தானில் பிழைச் செய்தியின் கடைசியில், எத்தனை பைட் கேட்டுக் கிடைக்காமல் போனது என்ற எண் இருக்கும். எல்லாரும் செய்தியைப் படிக்கிறார்கள், எண்ணைப் படிப்பதில்லை. அந்த எண்ணை வைத்துத்தான் மேலே போக வேண்டும்.

*எண் உங்கள் பஃபரின் அளவே (10,240 அல்லது 40,960).* மொத்தமாக இடம் இருக்கலாம், ஆனால் தொடர்ச்சியாக இல்லை. பேருந்தில் பத்து இருக்கை காலியாக இருந்தும் குடும்பத்தோடு சேர்ந்து உட்கார இடம் இல்லாத நிலை. மற்ற எந்த மாட்யூலையும் இறக்கும் முன், நிரலின் முதல் வேலையாக டிரைவரை இறக்கிப் பஃபரை உருவாக்குங்கள். அதற்கு முன் ஒருமுறை ‘ஜிசி.கலெக்ட்’ (வேண்டாத நினைவகத்தை விடுவிப்பது) கூப்பிடுங்கள். வைஃபை, சென்சார், எழுத்துரு எல்லாம் அதன்பின். இந்த ஒரு வரிசை மாற்றத்திலேயே பலருக்குத் தீர்ந்துவிடுகிறது.

தீராவிட்டால், ‘மைக்ரோபைத்தான்.மெம்_இன்ஃபோ’வுக்கு 1 என்று கொடுத்துக் கூப்பிட்டால் நினைவகத்தின் வரைபடமே அச்சாகும். யார் நடுவில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அதில் தெரியும்.

*எண் சில நூறு பைட்தான், நிரல் தொடங்கும்போதே வருகிறது.* நிரலை போர்டிலேயே தொகுப்பதற்கு ரேம் போதவில்லை. கணினியில் எம்பிஒய்-க்ராஸ் கொண்டு முன்கூட்டியே தொகுத்து ஏற்றுங்கள். எழுத்துரு போன்ற பெரிய அட்டவணைகளை ஃபர்ம்வேரோடு (போர்டின் அடிப்படை நிரல்) உறையவைத்தால் அவை ஃப்ளாஷிலேயே (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) இருந்துகொள்ளும், ரேமுக்கு வராது. ஃபர்ம்வேரைத் தொகுக்கும் சிரமம் இருப்பதால் இதைக் கடைசியில் வையுங்கள்.

*எண் சின்னது, சில நிமிடம் ஓடியபின் வருகிறது.* ஒவ்வொரு பிரேமுக்கும் ஏதோ புதிதாக உருவாகிறது. முதல் சந்தேகம்: பஃபரை வெட்டி எடுக்கும் இடம். பைட் வரிசையில் ஒரு துண்டை வெட்டினால் அது நகல், ‘மெமரிவியூ’ வைத்து வெட்டினால் நகல் எடுக்காது. அடுத்து, வரி பஃபரைக் காட்டும் செயல்பாட்டுக்குள்ளேயே உருவாக்குகிறீர்களா? டிரைவர் தொடங்கும்போது ஒரே ஒருமுறை உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரேமுக்கு முன்னும் பின்னும் ‘ஜிசி.மெம்_ஃப்ரீ’ அச்சிட்டுப் பார்த்தால் எத்தனை பைட் ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும்.

யூனோவில் இந்த மரியாதை எல்லாம் கிடையாது. பிழைச் செய்தி வராது. போர்டு தானே ரீசெட் ஆகும், இல்லை எழுத்துகள் உளறும். மொத்த ரேம் 2,048 பைட். 128×160 திரையை வெறும் கறுப்பு வெள்ளையில் வைத்தாலே 2,560 பைட் ஆகிறது. எனவே முழு பஃபர் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். திரையை 16 வரி உயரமுள்ள பத்துப் பட்டைகளாகப் பிரித்து, 256 பைட்டில் ஒரு பட்டையை வரைந்து, இரண்டு நிறமாக விரித்து அனுப்பி, அதே 256 பைட்டில் அடுத்த பட்டையை வரையலாம். அதற்கும் முன்னால் எழுத்துரு ‘ப்ரோக்மெம்’ போட்டு ஃப்ளாஷில் இருக்கிறதா என்று பாருங்கள். 5×7 ஆங்கில எழுத்துருவின் 95 எழுத்துக்கு 475 பைட். ரேமில் வைத்தால் நான்கில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும்.

அறிகுறி: தமிழில் எழுதினால் ஒரே குறி திரும்பத் திரும்ப வருகிறது

மைக்ரோபைத்தானின் உள்ளமைந்த எழுத்துரு 8×8 ஆங்கிலம் மட்டும். அது உரையை பைட் பைட்டாகப் படிக்கிறது, தெரியாத பைட்டுக்கெல்லாம் ஒரே குறியைப் போடுகிறது. யுடிஎஃப்-8இல் ‘க’ மூன்று பைட், எனவே மூன்று குறி. ‘கி’ என்றால் ஆறு. உங்கள் திரையில் இந்தக் கணக்கு ஒத்துவந்தால் கோளாறு எதுவும் இல்லை.

247 எழுத்துக்கும் படம் செய்து வைக்கலாம்தான். 24×16 அளவில் ஒன்றுக்கு 48 பைட், மொத்தம் 11,856 பைட். ஆனால் எழுத்துகளைச் சேர்க்கும் நிரலையும் எழுத வேண்டும், ‘ண’வும் ‘ர’வும் ஒரே அகலத்தில் நின்றால் கண் உறுத்தும். நான் செய்வது வேறு. ‘வெப்பம்’, ‘நீர்மட்டம்’ என்று வேண்டிய சொற்களைக் கணினியில் வரைந்து, முழுச் சொல்லையும் 1 பிட் படமாக ஃப்ளாஷில் வைத்துவிடுகிறேன். 64×20 சொல் ஒன்றுக்கு 160 பைட்.

அறிகுறி: மெதுவாக இருக்கிறது, அல்லது மினுக்குகிறது

திரை மேலிருந்து கீழே திரைச்சீலை இறங்குவது போல நிரம்பினால், முதலில் எஸ்பிஐ வேகம். பிகோவின் மைக்ரோபைத்தானில் வேகம் எதுவும் சொல்லாவிட்டால் 1 மெகாஹெர்ட்ஸ். 40,960 பைட் போக மூன்றில் ஒரு விநாடி ஆகும். 8 மெகாஹெர்ட்ஸ் என்றால் 41 மில்லிவிநாடி. எஸ்டி7735இன் டேட்டாஷீட் எழுதும் சுழற்சிக்குக் கேட்பது 66 நானோவிநாடி, அதாவது சுமார் 15 மெகாஹெர்ட்ஸ். அதற்கு மேலும் ஓடும் திரைகள் உண்டு, ஆனால் அது உங்கள் அதிர்ஷ்டம். எஸ்பிஐ பொருளை அச்சிட்டால் போர்டு எந்த வேகத்தைத் தேர்ந்தெடுத்தது என்று காட்டும். கேட்டதும் கிடைத்ததும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

வேகத்தைக் கூட்டியும் மாறவில்லையா? நேரம் 4 பிட்டை 16 பிட்டாக விரிப்பதில் போகிறது. அந்த ஒரு செயல்பாட்டை மட்டும் ‘வைப்பர்’ குறியோடு (நேரடி இயந்திர நிரலாக மாற்றச் சொல்லும் குறி) எழுதுங்கள், மற்றவை பைத்தானாகவே இருக்கட்டும். இன்னும் வேண்டுமென்றால் 1,024 பைட் செலவழித்து, ஒரு பைட்டைக் கொடுத்தால் இரண்டு பிக்சலையும் தரும் 256 வரிசை அட்டவணை செய்துகொள்ளலாம்.

மினுக்கம் வேறு. பஃபர் இல்லாமல் நேரடியாக வரையும்போது, பழைய எண்ணைக் கறுப்பால் அழித்துவிட்டுப் புதியதை எழுதினால் கண் அந்தக் கறுப்பைப் பிடித்துவிடுகிறது. அழிக்காதீர்கள். எழுத்தையும் பின்னணியையும் ஒன்றாகவே அனுப்புங்கள். 8×16 அளவில் ஐந்து இலக்கத்துக்கு 16 பிட்டிலேயே 1,280 பைட்தான் ஆகிறது. இலக்கம் குறையும்போது (100க்குப் பின் 99) முன்னால் இடைவெளி சேர்க்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பழைய இலக்கம் ஒன்று பேயாக நிற்கும்.

அறிகுறி: நன்றாக ஓடி, திடீரென்று குப்பை

வேகத்தை 1 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். குப்பை நின்றால் வயரைச் சந்தேகியுங்கள். நீள ஜம்பர் வயரைக் குட்டையாக்கி, ஜிஎன்டி வயர் உறுதியாக நிற்கிறதா என்று பார்த்து, திரையின் விசிசி அருகே 100 நானோஃபாரட் கெபாசிட்டர் வையுங்கள்.

திரையின் பின்னால் எஸ்டி கார்டு சொருகும் இடம் இருந்து, அதுவும் அதே எஸ்பிஐயில் இருந்தால், கார்டின் சிஎஸ் பின்னைத் தொடக்கத்திலேயே உயர்த்தி வைக்க வேண்டும். மிதக்கவிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசும்.

சி மொழியில் டிஎம்ஏ (செயலி தலையிடாமல் நினைவகத்திலிருந்து நேரடியாக அனுப்பும் வசதி) வைத்து அனுப்புகிறவர்களுக்கு மட்டும் இரண்டு தனிக் கோளாறு. ஒரு வரியின் நடுவில் அடுத்த வரியின் துண்டு தெரிந்தால், டிஎம்ஏ படித்துக்கொண்டிருக்கும்போதே அதே பஃபரில் எழுதுகிறீர்கள். இரண்டு வரி பஃபர் வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள், மொத்தம் 512 பைட்தான். ஒவ்வொரு பிரேமிலும் கடைசிச் சில பிக்சல் மட்டும் தப்பென்றால், டிஎம்ஏ முடிந்ததும் சிஎஸ்ஸை உயர்த்திவிடுகிறீர்கள். டிஎம்ஏ முடிந்தாலும் பிகோவின் ஆர்பி2040 சிப்பில் எஸ்பிஐயின் காத்திருப்பு வரிசையில் எட்டு மதிப்பு வரை அனுப்பப்படாமல் காத்திருக்கலாம். எஸ்பிஐயின் ‘பிஸி’ பிட் அடங்கும்வரை பொறுங்கள்.

அறிகுறி: தொட்டால் மாறுகிறது

திரையின் விளிம்பில் விரலை வைத்து லேசாக அழுத்தினால் படம் வந்து, விட்டால் போகிறதா? அல்லது ஒரே ஒரு செங்குத்துக் கோடு எப்போதும் இறந்தே கிடக்கிறதா? இங்கே நிரலில் தேடாதீர்கள்.

பின்கள் போர்டோடு சேரும் இடத்தில் உலர்ந்த சால்டர் இருந்தால் நீங்களே சூடாக்கிச் சரிசெய்யலாம். போர்டிலிருந்து கண்ணாடிக்குப் போகும் மஞ்சள் ரிப்பன், போர்டோடு சேரும் முனையில் தூக்கியிருந்தால் சாதாரண சால்டரிங் அயர்னைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், ரிப்பன் சுருங்கிவிடும். நுண்ணோக்கி வைத்து வேலை செய்யும் செல்போன் ரிப்பேர்காரரிடம் கொடுங்கள், அவர் கைக்கு இது தினசரி வேலை. கொடுக்கும் முன் அவர் கேட்கும் கூலியையும் புதுத் திரையின் விலையையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ரிப்பன் கண்ணாடியோடு சேரும் முனையில் பிரிந்திருந்தால் அவரும் ஒன்றும் செய்ய மாட்டார். புதுத் திரை வாங்கி, அதில் முதலில் வரிச் சோதனையை ஓட்டுங்கள். ஆஃப்செட் பழைய திரையுடையது போலவே இருக்கும் என்று நம்ப வேண்டாம்.